தோற்ற ஆட்டத்தை அழித்துவிட்டு மறுபடி ஆடுவது கேரியர் ஆகுமா?

2024 ஜூன் 9 (கூடலூரிலிருந்து வந்த கேள்வி)

கால்பந்து கிளப்புக்கு மேனேஜராக இருந்து ஆடும் கணினி விளையாட்டான ஃபுட்பால் மேனேஜர் 2024-இல் 14 சீசன் முடித்துவிட்டேன். 11 லீக் கோப்பை. தோற்றால் சேமிக்காமல் மூடிவிட்டு, ஆட்டத்துக்கு முந்தைய இடத்திலிருந்து மறுபடி ஆடுவேன். இரண்டாவது முறையிலோ மூன்றாவது முறையிலோ ஜெயித்துவிடலாம். ஒரே மேனேஜராகச் சீசன் சீசனாகத் தொடர்ந்து ஆடுவதைக் கேரியர் என்போம். இதற்கு அந்தப் பெயரே கிடையாது, இது ஏமாற்று என்கிறான் என் அண்ணன். எதிரில் இருப்பது கணினிதானே, நான் யாரை ஏமாற்றினேன்? கோத்தகிரி அண்ணன் பதில் சொல்லட்டும்.

2024 ஜூன் 9, இரவு 10.40

யாரையும் ஏமாற்றவில்லை, தம்பி. அந்த ஒன்றில் உன் அண்ணன் சொல்வதை நான் ஏற்கவில்லை. ஆனால் 14 சீசனில் நீ ஒரு தோல்வியைக்கூட உட்கார்ந்து பார்த்ததில்லை. எனக்கு அதுதான் பெரிய இழப்பாகத் தெரிகிறது.

என் கதையைச் சொல்கிறேன். வேலையில்லாத மேனேஜராகத் தொடங்கினேன். பயிற்சியாளர் சான்றிதழ் கிடையாது. முன் அனுபவம் என்ற இடத்தில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரர், அதாவது பொழுதுபோக்குக்கு ஆடியவர் என்று வைத்துக்கொண்டேன். விண்ணப்பம் மேல் விண்ணப்பம் போட்டு, கடைசியில் இங்கிலாந்தின் நேஷனல் லீக் நார்த்தில் ஒரு கிளப் கூப்பிட்டது. அது லீக் வரிசையில் மேலிருந்து ஆறாம் அடுக்கு. வெளியிலிருந்து கூடுதல் கோப்பு எதையும் சேர்க்காவிட்டால் இங்கிலாந்தில் இறங்கக்கூடிய கடைசிப் படி அதுதான். 24 அணிகள், 46 ஆட்டங்கள். வீரர்கள் பகுதிநேரக்காரர்கள். பகலில் வேறு வேலை, வாரத்தில் ஓரிரு நாள்தான் பயிற்சி.

முதல் 11 ஆட்டத்தில் ஒரு வெற்றிகூட இல்லை. எதிரணியின் காலுக்குப் பந்து போன கணமே மேலே பாய்ந்து பறிக்கும் முறையை வைத்திருந்தேன். பெரிய கிளப்புகள் எல்லாம் ஆடும் முறை, பார்க்க அழகானது. நிர்வாகம் என்மேல் வைத்திருந்த நம்பிக்கை வாரம் ஒரு படி இறங்கியது. மூடிவிட்டு மறுபடி ஆடியிருந்தால் அந்தப் பதினொன்றில் நான்கையாவது ஜெயித்திருப்பேன்.

தேயிலைத் தொழிற்சாலையில் பச்சை இலை வரவு எழுதுகிற வேலை என்னுடையது. எந்தத் தோட்டம், எத்தனை கிலோ, எத்தனை மணிக்கு வந்தது என்று எழுதிப் பழகிய கை. அதே போன்ற ஒரு நோட்டில் நாங்கள் வாங்கிய ஒவ்வொரு கோலையும் நிமிடத்தோடு எழுதிவைத்தேன். 19 கோல் வாங்கியிருந்தோம், அதில் 12 எழுபதாம் நிமிடத்துக்குப் பிறகு. பையன்களின் ஸ்டாமினா பெரும்பாலும் இருபதுக்கு எட்டு, ஒன்பது. அறுபது நிமிடம் நாய் துரத்துவதுபோல் ஓடவிட்டு, கடைசி அரைமணி நேரம் அவர்களை நடக்கவைத்திருக்கிறேன். தவறு என்னுடையது, அது நிமிடக் கணக்கில்தான் தெரிந்தது. முறையை மாற்றினேன். 4-4-2 (தடுப்பில் நால்வர், நடுவில் நால்வர், முன்னால் இருவர்), பின்னால் இறங்கி நின்று காப்பது, பந்து கிடைத்தால் நேராக முன்னால் அனுப்புவது. அந்த ஆண்டு 13-ஆம் இடத்தில் முடித்தோம். அந்த 13-ஆம் இடத்தை உன் 11 கோப்பைக்கு மாற்றிக்கொள்ள மாட்டேன்.

2024 ஜூன் 10, காலை 6.15

திருத்தம். நோட்டை எடுத்துப் பார்த்தேன். வெற்றியில்லாத தொடர் 9 ஆட்டம், 11 அல்ல. வாங்கிய கோல் 17, எழுபதுக்குப் பிறகு 11. இரவில் நினைவிலிருந்து எழுதியதால் வந்த பிழை. சொல்ல வந்த விஷயம் மாறவில்லை.

2024 ஜூன் 12

"நன்றாக ஆடியும் சும்மா தோற்கிற ஆட்டம் இருக்கிறதே, அதை அழித்தால் என்ன?" என்று குன்னூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி.

ஒரே அணி, ஒரே உத்தி, ஒரே எதிரணி என்று திரும்ப ஆடினாலும் முடிவு வேறாக வரும். விளையாட்டு அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. வீரனின் திறன் 1 முதல் 20 வரை எண்ணாக இருந்தாலும், அந்த எண் ஒரு வாய்ப்புதானே தவிர உத்தரவாதம் இல்லை. நமக்குக் காட்டாத எண்களும் உண்டு. ஆட்டத்துக்கு ஆட்டம் ஒரே தரத்தில் ஆடுவானா, பெரிய ஆட்டத்தில் நடுங்குவானா என்பதெல்லாம் திரைக்குப் பின்னால் இருக்கிறது. 2021 பதிப்பிலிருந்து எக்ஸ்ஜி வந்துவிட்டது. அந்த இடத்திலிருந்து, அந்த நிலையில் அடித்த பந்து பொதுவாக எத்தனைக்கு ஒருமுறை கோலாகும் என்ற கணக்கு அது. ஆட்டம் முழுக்க அடித்ததைக் கூட்டினால் 2.3 எக்ஸ்ஜி வந்தும் 0-1 தோற்றால் வயிறு எரியத்தான் செய்யும். எனக்கும் எரிந்திருக்கிறது.

ஆனால் அதிர்ஷ்டம் எது, பிழை எது என்று ஒரு ஆட்டத்தை வைத்துச் சொல்ல முடியாது. பத்து ஆட்டத்தை அடுக்கிப் பார்த்தால்தான் தெரியும். தோற்றதை எல்லாம் கிழித்துப் போட்டவனிடம் அடுக்கிப் பார்க்கப் பத்து ஆட்டம் இருக்காது. இலை வரவில் நனைந்த இலை வந்த நாளை மட்டும் எழுதாமல் விட்டால் மாதக் கணக்கு எப்படி நிற்கும்?

2024 ஜூன் 12, இரவு

இன்னொன்று. புதிதாகக் கற்கிறவர் ஒரே ஆட்டத்தை இரண்டு உத்தியில் ஆடிப் பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை. தனிக் கோப்பில் வைத்துச் சோதித்துப் பாருங்கள். வலைப்பயிற்சிக்கும் ஆட்டத்துக்கும் உள்ள வித்தியாசம்தான். நான் பேசுவது கேரியரைப் பற்றி.

2024 ஜூன் 20

பழைய கதை கேட்கிறார்கள். எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது சாம்பியன்ஷிப் மேனேஜர் 01/02-இல். 2008 டிசம்பரில் அதை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். கடைத்தெரு பிரவுசிங் சென்டரில் இரண்டு நாள் இறக்கி, நண்பனின் கணினியில் போட்டோம். கோலியர் சகோதரர்கள் 1992-இல் தொடங்கிய வரிசை அது. பிறகு பதிப்பாளரோடு பிரிந்து, பெயரை அவர்களிடமே விட்டுவிட்டு, 2004-இல் ஃபுட்பால் மேனேஜர் என்ற புதுப் பெயரில் வந்தார்கள்.

01/02 ஆடியவர்களுக்கு மாக்சிம் சிகால்கோ என்ற பெயரைச் சொன்னால் போதும், முகம் மலரும். பெலாரஸ் முன்வரிசை ஆட்டக்காரர். விளையாட்டில் அவரை வாங்கினால் கோலை எண்ண முடியாது. நிஜத்தில் காயங்கள் அவரை 26 வயதிலேயே நிறுத்திவிட்டன. 2020 டிசம்பரில், 37 வயதில் இறந்துவிட்டார். செய்தியைப் படித்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை. நான் பார்த்தறியாத மனிதர். ஆனால் எத்தனை இரவுகள் என் அணிக்காக ஓடியிருக்கிறார்!

டோ மடெய்ரா என்று ஒருவர் அதே பதிப்பில் உண்டு. போர்ச்சுகல்காரர், கோல் மழை பொழிவார். அப்படி ஓர் ஆட்டக்காரரே உலகத்தில் இல்லை, தகவல் சேகரித்தவர் சேர்த்துவிட்ட பெயர் என்று பின்னால் தெரிந்தது. இல்லாத மனிதருக்காக நானும் என் நண்பனும் ஒரு மாதம் பேசாமல் இருந்தோம். அவர் என் அணிக்கா, அவன் அணிக்கா என்ற சண்டை.

2024 ஜூன் 30

கேரியருக்குத் திரும்புகிறேன். எட்டாம் எண் பையனைப் பற்றி எழுதாமல் இந்தக் கதை நகராது.

ஆண்டுக்கு ஒருமுறை இளைஞர் அணிக்குப் புதிய பையன்கள் வருவார்கள். இங்கிலாந்தில் அது மார்ச் வாக்கில். கணினி உருவாக்கும் பிள்ளைகள், ரீஜென் என்போம். முதல் ஆண்டு வந்த கூட்டத்தில் பெரும்பாலும் பதர். நடுவரிசைப் பையன் ஒருவனுக்கு மட்டும் உறுதி என்ற இடத்தில் 18. மற்றபடி வேகம் 7, பந்தை அடக்குவது 8. இவன் தேறமாட்டான், அனுப்பிவிடலாம் என்றார் துணைப் பயிற்சியாளர். நான் வைத்துக்கொண்டேன். அணியின் மூத்த ஆட்டக்காரர் இருவரோடு அவனை ஒரே வழிகாட்டுக் குழுவில் சேர்த்தேன். பெரியவர்களின் குணம் சிறியவர்களுக்கு மெல்ல ஒட்டும். 2019 பதிப்பிலிருந்து இப்படி ஒரு ஏற்பாடு இருக்கிறது.

16 வயதில் களத்தில் இறக்கினேன். 17 வயதில் அவன் இல்லாமல் அணியை எழுத எனக்குக் கை வரவில்லை. இந்தப் பையனுக்கு முகம்கூட ஒழுங்காக வரையப்பட்டிருக்காது. ஆனாலும் ஆட்ட முடிவில் மதிப்பெண் பட்டியல் வந்ததும் முதலில் அவன் எண்ணைத்தான் தேடுவேன்.

2024 ஜூலை 16

நேற்று முன்தினம் இரவு நடந்ததைச் சொல்லி உங்கள் தீர்ப்பைக் கேட்கிறேன்.

இரண்டாவது சீசன். ஐந்தாம் இடத்தில் முடித்தோம். இந்த லீக்கில் முதலிடம் நேராக மேலே போகும். இரண்டு முதல் ஏழு வரையிலான அணிகள் மேலே போகும் இன்னோர் இடத்துக்காகத் தங்களுக்குள் மோத வேண்டும். ஒவ்வொரு மோதலும் ஒரே ஆட்டம், பட்டியலில் மேலே இருந்தவர் மைதானத்தில். இரண்டு ஆட்டம் ஜெயித்து இறுதிக்கு வந்தோம். அதுவும் வெளியூரில். 1-1 என்று நின்று, கூடுதல் நேரத்தில் கார்னரில் ஒரு கோல் வாங்கி 2-1 தோற்றோம்.

நோட்டில் 2-1 என்று எழுதிக்கொண்டிருந்தேன். வெளியே காற்று பேயாக அடித்தது. மேல் வளைவில் கற்பூர மரம் ஒன்று கம்பிமேல் விழுந்திருக்கிறது. விளக்கு போயிற்று. என் மடிக்கணினியின் பேட்டரி செத்து இரண்டு வருடம் ஆகிறது. திரை அப்படியே கறுத்தது. தோல்வி சேமிக்கப்படவில்லை.

மறுநாள் மாலை மின்சாரம் வந்தது. திறந்தால், இறுதி ஆட்டத்துக்கு முந்தைய நாள். பையன்கள் எல்லோரும் உற்சாகமாக நிற்கிறார்கள். அவர்களுக்கு எதுவும் தெரியாது.

மறுபடி ஆடினேன். ஆடாமல் வேறு வழியில்லை. அதே பதினொரு பேர், அதே உத்தி. எதையும் மாற்றவில்லை. 1-0. ஜெயித்துவிட்டோம். ஐந்தாம் அடுக்கு.

இது என் வெற்றியா?

2024 ஜூலை 17

மேலே எழுதியதில் முழு உண்மை இல்லை. ஒன்றை மாற்றினேன். கார்னர் வரும்போது எட்டாம் எண் பையனைப் பந்து வரும் பக்கத்துக்கு அருகிலிருக்கும் கோல் கம்பத்தில் நிற்கச் சொன்னேன். முதல் ஆட்டத்தில் கோல் விழுந்த இடம் அதுதான். எனக்கு அது தெரிந்திருந்தது. "எதையும் மாற்றவில்லை" என்று எழுதியபோது அது சின்ன விஷயம் என்று நினைத்தேன். இரவு முழுக்க யோசித்தேன். அதுதான் முழு விஷயமும். எதிரணிக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது.

தம்பி, உன்னிடம் ஜூன் மாதம் அவ்வளவு பேசினேன். அதனால்தான் இதைச் சொல்லியாக வேண்டியிருந்தது.

2024 ஜூலை 19

கொடைக்கானலிலிருந்து ஒருவர், "நிஜத்திலேயே ஆட்டத்தைத் திரும்ப ஆடியிருக்கிறார்கள், நீங்கள் ஏன் வருந்துகிறீர்கள்?" என்று எழுதியிருக்கிறார். அவர் சொல்வது 1999 பிப்ரவரி 13, இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையில் ஆர்சனல் - ஷெஃபீல்ட் யுனைடெட் ஐந்தாம் சுற்று ஆட்டம். ஷெஃபீல்ட் வீரர் ஒருவர் காயம்பட்டு விழ, பந்தை வெளியே தட்டிவிட்டார்கள். பந்து எறிந்து திரும்பக் கொடுக்கப்படும் என்று எல்லோரும் நின்றுவிட்ட நேரத்தில், ஆர்சனலுக்குப் புதிதாக வந்திருந்த கானு அதைப் பிடித்துக்கொண்டு ஓடி, சக வீரர் ஓவர்மார்ஸுக்குத் தள்ள, கோல். 2-1. விதிப்படி கோல் செல்லும். ஆட்டம் முடிந்ததும் ஆர்சனல் மேனேஜர் ஆர்சன் வெங்கர் தானே முன்வந்து, திரும்ப ஆடலாம் என்றார். பத்து நாள் கழித்து, 23-ஆம் தேதி ஆடினார்கள். மறுபடியும் ஆர்சனல் 2-1.

நான் மிகவும் மதிக்கும் நிகழ்ச்சி அது. ஆனால் திரும்ப ஆடலாம் என்று சொன்னது ஜெயித்தவர். தோற்றவர் கேட்டு வாங்கவில்லை. என் விஷயத்தில் தோற்றவன் நான். திரும்ப ஆடியவனும் நான். அந்தக் கிளப்பின் மேனேஜர் கணினியாகவே இருக்கட்டும், அவரை யாரும் கேட்கவில்லை.

2024 ஜூலை 21

ஞாயிறு. வெளியே ஒன்றும் தெரியவில்லை, மூட்டம். இந்த மூட்டத்தில் ஒரு பழைய ஆட்டம் நினைவுக்கு வருகிறது.

எனக்கு 19 வயது. ஊர் அணியில் இடதுபக்கத் தடுப்பாளர். கோத்தகிரி காந்தி மைதானத்தில் பக்கத்து ஊரோடு ஆட்டம். இரண்டாம் பாதியில் 0-2 பின்தங்கியிருந்தோம். அப்போது பள்ளத்தாக்கிலிருந்து மூட்டம் ஏறி வந்தது. முதலில் எதிர்க் கோல் கம்பம் மறைந்தது, பிறகு நடுவட்டம், பிறகு நடுவர். விசில் மட்டும் கேட்டது. பந்தை யாரோ உதைக்கும் சத்தம் கேட்கும், எந்தப் பக்கம் போயிற்று என்று தெரியாது. கால் மணி நேரம் காத்திருந்துவிட்டு நிறுத்தினார்கள். அடுத்த ஞாயிறு முதலிலிருந்து ஆடுவது என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள்.

அடுத்த ஞாயிறு 3-1 ஜெயித்தோம். கோப்பையை எங்களிடம் கொடுத்தார்கள். எங்கள் கேப்டன் அதை வாங்கிக்கொண்டு நேராக எதிரணியிடம் போய், "போன வாரத்துக்கு" என்று அவர்கள் கேப்டன் கையில் கொடுத்தார். எங்களுக்குக் கோபம். இரண்டு ஊரும் ஆறு மாதம் வைத்துக்கொள்வது என்று அங்கேயே முடிவாயிற்று. அன்று அதை நான் வீண்பெருமை என்று நினைத்தேன். மூன்று நாளாக அவர் முகம்தான் கண்முன் நிற்கிறது.

2024 ஜூலை 24

வந்த யோசனைகள்: விளையாட்டுக்குள்ளேயே திருத்தும் கருவியைக் காசு கொடுத்து வாங்கி முடிவை மாற்றலாம் என்கிறார் ஒருவர். பழைய கோப்பைத் திறந்து, சிறுவர்களை இறக்கி வேண்டுமென்றே தோற்கலாம் என்கிறார் இன்னொருவர். இரண்டும் வேண்டாம். கருவியால் எழுதிய தோல்வியும் தோல்வி அல்ல. தோற்பதற்காகப் பையன்களைக் களத்துக்கு அனுப்ப என்னால் முடியாது, அவர்கள் வெறும் எண்களாக இருந்தாலும் முடியாது.

மூன்றாவதாக, மஞ்சூர் நண்பர் எழுதியது: "மரம் விழுந்தது இயற்கை. கம்பத்தில் ஆளை நிறுத்தியது நீங்கள். மரத்துக்கு நீங்கள் பொறுப்பல்ல, கம்பத்துக்குப் பொறுப்பு." இந்த வரியைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன்.

2024 ஜூலை 25

ராஜினாமா செய்துவிட்டேன்.

கிளப் ஐந்தாம் அடுக்கில் இருக்கட்டும். பையன்கள் உழைத்தார்கள். அந்தப் படியில் நான் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். நேஷனல் லீக் சவுத்தில், மறுபடி ஆறாம் அடுக்கில், ஒரு கிளப்பில் சேர்ந்துவிட்டேன். எட்டாம் எண் பையனை அங்கேயே விட்டு வந்தேன். புதிய கிளப்புக்கு அவனை வாங்கலாமே என்று கேட்காதீர்கள். அவனுக்கு மேல் அடுக்கில் ஆடும் தகுதி இருக்கிறது.

நோட்டில் 2-1 மையில் எழுதியது அப்படியே இருக்கிறது. கீழே 1-0 என்று பென்சிலில் எழுதியிருக்கிறேன்.

2024 ஆகஸ்ட் 11

"விளையாட்டுக்கு இவ்வளவு மனப்பாரமா?" என்று கேட்ட உதகை அம்மாவுக்கு: ஆம். மனம் போகாத இடத்தில் தினம் இரண்டு மணி நேரம் எதற்கு?

2024 செப்டம்பர் 8

இந்தியக் கிளப் ஏன் எடுக்கவில்லை என்ற கேள்வி மூன்றாவது முறையாக வருகிறது. எடுப்பேன். பயமாக இருக்கிறது, காரணம் சொல்கிறேன்.

2019 மார்ச் 9. காலையிலேயே பஸ் பிடித்து மேட்டுப்பாளையம் இறங்கி, அங்கிருந்து கோவை. நேரு ஸ்டேடியம். அணிக்குச் சென்னை சிட்டி என்று பெயர், ஆனால் அப்போது கோவைதான் அதன் வீடு. இந்தியக் கால்பந்து லீக்கான ஐ-லீக்கின் கடைசி நாள். மினர்வா பஞ்சாபை ஜெயித்தால் கோப்பை. கோழிக்கோட்டில் அதே நேரத்தில் ஈஸ்ட் பெங்கால், கேரளத்துக் கோகுலத்தோடு ஆடுகிறது. அவர்கள் ஜெயித்து நாம் தடுமாறினால் எல்லாம் போயிற்று.

ஆரம்பத்திலேயே மினர்வா ஒரு கோல் போட்டுவிட்டது. அந்த நிமிடம் மைதானத்தில் விழுந்த அமைதி இன்னும் என் காதில் இருக்கிறது. பாதி நேரம் வரை 0-1. பிறகு பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். அந்த சீசனில் 21 கோல் போட்ட மனிதர். அதன் பிறகு கௌரவ் போரா ஒன்று, ஆட்டம் முடியும் தறுவாயில் இன்னொன்று. 3-1. ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்திருந்தது. சென்னை சிட்டி 43 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 42.

ஒரே ஒரு புள்ளி. சிங்கப்பூரிலிருந்து வந்த அக்பர் நவாஸ் அன்று பயிற்சியாளர். 0-1 என்று பாதி நேரத்தில் உள்ளே போனபோது அவர் வயிற்றில் என்ன இருந்திருக்கும் என்று பஸ்ஸில் திரும்பி வரும்போது நினைத்துக்கொண்டே வந்தேன். கொண்டை ஊசி வளைவுகளில் தூக்கம் வரவில்லை.

இதை நேரில் பார்த்தவன் கணினியில் ஓர் இந்தியக் கிளப்பை எடுத்தால் கை நடுங்கத்தானே செய்யும்.

2024 செப்டம்பர் 9

மேலே "நாம்" என்று எழுதியிருப்பதைக் கவனித்த கூடலூர் தம்பிக்கு: ஆம், நாம்தான். உங்கள் பக்கம் மலப்புறத்துக் காற்று அடிக்கும், கோகுலம் என்பீர்கள். 2020-21, 2021-22 என்று அடுத்தடுத்து இரண்டு ஐ-லீக் வாங்கிய அணி, மறுக்கவில்லை. 2019 எங்களுடையது.

2024 அக்டோபர் 20

இதை எழுதும்போது கை சில்லிட்டிருக்கிறது, குளிரால் மட்டும் இல்லை.

புதிய கிளப்போடு எஃப்.ஏ. கோப்பைத் தகுதிச் சுற்று. ஆறாம் அடுக்கு அணிகள் இரண்டாம் தகுதிச் சுற்றில் நுழையும், ஐந்தாம் அடுக்கு அணிகள் நான்காம் சுற்றில். நாங்கள் இரண்டைத் தாண்டி நான்காம் சுற்றுக்கு வந்தோம். சீட்டு குலுக்கினார்கள். எதிரே என் பழைய கிளப்.

எட்டாம் எண் பையன் இப்போது துணைக் கேப்டன். 3-1 தோற்றோம். இரண்டாவது கோல் அவனுடையது, கார்னரில், அருகிலிருக்கும் கம்பத்திலிருந்து தலையால். நான் நிற்கச் சொல்லிக்கொடுத்த இடத்தை அவன் எதிர்ப்பக்கத்தில் பயன்படுத்துகிறான் என்று எனக்குத் தோன்றியது. கணினிக்கு அப்படியெல்லாம் தெரியாது என்று யாரும் எழுத வேண்டாம், எனக்குத் தெரியும்.

சேமித்துவிட்டு மூடினேன். மின்சாரம் இருந்தது.

2024 நவம்பர் 17

கூடலூர் தம்பி எழுதியிருக்கிறான். புதிய கேரியர், திரும்பிப் போகாமல் ஆடுகிறானாம். வேலையில்லாத மேனேஜராகத் தொடங்கி, ஏழாவது ஆட்டத்திலிருந்து தொடர் தோல்வி, விளையாட்டின் நாட்காட்டியில் டிசம்பருக்குள் வேலை போய்விட்டது. "அண்ணா, அழுகையே வந்துவிட்டது" என்கிறான்.

வாழ்த்துகள், தம்பி. மனதாரச் சொல்கிறேன். இப்போது மூன்று காரியம். முதலில், வீரர்களுக்குக் கொடுத்த வாக்குறுதி எதையாவது மறந்தாயா என்று பார். நிறைய ஆட வைக்கிறேன் என்று ஐந்து பேரிடம் சொல்லியிருப்பாய். அணிக்குள் செல்வாக்குள்ள ஒருவன் முகம் சுளித்தால், அவனைச் சேர்ந்தவர்கள் எல்லோரும் சுளிப்பார்கள். இரண்டாவது, சம்பள வரவுசெலவு. மூன்றாவது, வேலை தேடும்போது பட்டியலின் அடியில் இருக்கும் கிளப்பைத் தயங்காமல் எடு. அங்கே மேலே மட்டும்தான் வழி.

நிமிடக் கணக்கு நோட்டு வாங்கிவிட்டாயா?

2024 நவம்பர் 18

வாங்கிவிட்டானாம். 80 பக்கம், கோடு போட்டது.

2024 டிசம்பர் 29

காலையில் புல்லெல்லாம் உறைபனி. தொழிற்சாலையில் இலை வரவு பாதியாகிவிட்டது, பனி தளிரைக் கருக்கிவிடும். இரவு சீக்கிரம் வீடு திரும்புவதால் நிறைய ஆட்டம். எட்டாம் இடத்தில் இருக்கிறோம்.

பயிற்சியாளர் வில் ஸ்டில் பற்றிக் கேட்டவருக்கு: ஆம், சிறு வயதில் இந்த விளையாட்டை ஆடி வளர்ந்தவர். 2022 அக்டோபரில், 30 வயதை எட்டும் தறுவாயில் பிரான்சின் ரெய்ம்ஸ் அணியை ஏற்றார். உயர்மட்டப் பயிற்சியாளர் உரிமம் அவரிடம் இல்லாததால், ஆட்டத்துக்கு 25,000 யூரோ வீதம் கிளப் அபராதம் கட்டியது. கட்டிக்கொண்டே லீக்கில் 17 ஆட்டம் தோற்காமல் போனார்கள். பாரிஸ் அணியோடு கடைசி மூச்சில் 1-1 சமன் செய்த ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள்.

2025 பிப்ரவரி 6

2025 பதிப்பு வராது. இரண்டு முறை தள்ளிவைத்து, இன்று ரத்து செய்துவிட்டார்கள். விளையாட்டை இயக்கும் அடிப்படை மென்பொருளை மாற்றும் வேலை, எதிர்பார்த்த தரத்துக்கு வரவில்லை என்கிறார்கள். முன்பதிவு செய்தவர்களுக்குப் பணம் திரும்ப வரும். பலருக்கு ஏமாற்றம், எனக்கும்தான். பெண்கள் கால்பந்து அதில் வருவதாக இருந்தது, என் மகள் ஆவலாகக் காத்திருந்தாள். ஆனால் தரமில்லாததை விற்காமல் நிறுத்தியதைப் பாராட்டுகிறேன்.

ஆக, 2024-லேயே தொடர்வோம்.

2025 பிப்ரவரி 16

நேற்று கோவை போய் மடிக்கணினிக்குப் புதிய பேட்டரி போட்டு வந்தேன். கடைக்காரர், "இவ்வளவு நாள் எப்படிச் சமாளித்தீர்கள்?" என்றார். இனி மரம் விழுந்தாலும் மூன்று மணி நேரம் நிற்கும்.

இரவே ஓர் ஆட்டம் ஆடினேன். சொந்த மைதானத்தில் 0-4. நோட்டில் நிமிடங்கள்: 12, 31, 58, 77. இந்த முறை பரவலாக விழுந்திருக்கிறது, களைப்பு இல்லை, வேறு ஏதோ. வலதுபக்கத் தடுப்பாளர் மேலே போனதும் பின்னால் திறந்து கிடக்கிறது என்று சந்தேகம். நாளை அடுத்த ஆட்டத்தைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

தம்பி, உன் நிமிடங்களையும் அனுப்பு.